கிரேக்க தேசத்துச் சுடுநீரும் என் வலது கையும்

நான் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டதற்குக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். சீமைக்குப் போய்வந்த திமிர் என்றார்கள் சிலர். கப்பலில் பேன் பிடித்துவிட்டது என்றார்கள் வேறு சிலர். எங்கள் மெதடிஸ்ட் கோயிலில் ஆராதனை முடிந்து படியிறங்கும்போது, போதகரின் மனைவி நாலு பேர் காதில் விழும்படியே கேட்டாள்: "என்னக்கா, வெள்ளக்காரி மாதிரி கிராப்பு வெட்டிக்கிட்டீங்க? நம்ம பொம்பளைங்களுக்கு இது அடுக்குமா லா?"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அன்று பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். கோபம் ஆறிய பிறகு எழுதிவைக்கலாம் என்று காத்திருந்தேன். அது ஆறுவதாகத் தெரியவில்லை. அதனால் சூட்டோடேயே எழுதுகிறேன்.

நான் ஆயா வேலை பார்த்தவள். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அப்பா ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்ததால் மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்தேன். கணவர் மலேரியாவில் இறந்தபின், காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் துரையின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போனேன். குழந்தைகள் வளர்ந்து சீமைக்குப் படிக்கப் போனார்கள். துரையின் மனைவி, எங்கள் வழக்கில் துரைசாணி, என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அவளே எனக்குக் கடைசிக் குழந்தை ஆகிவிட்டாள்.

துரைசாணிக்குக் கனத்த சரீரம், முழங்காலில் வாதம். ஒரு நாள் பங்களாக் குளியலறையில் சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கினாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானையை யார் தாங்கிப் பிடித்தார்கள் என்று எந்தப் பழமொழியிலும் இல்லை. நான் பிடித்தேன். அவளுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. என் வலது தோளில் சடக்கென்று ஏதோ நழுவியது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் தைலம் தடவிக் கட்டுப் போட்டார். வலி குறைந்தது. ஆனால் கை தோளுக்கு மேலே எழ மறுத்துவிட்டது.

கேட்பவர்களுக்கு இது சின்ன விஷயம். அந்தக் கையால் சோறு பிசையலாம், துணி மடிக்கலாம், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் துரைசாணியின் தலையை வாரலாம். என் தலையை மட்டும் வார முடியாது. எனக்கோ இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல். கொண்டை போட இரண்டு கையும் பின்மண்டைக்குப் போயாக வேண்டும். தினமும் விடிந்ததும் தலையை விரித்துக்கொண்டு சமையற்காரன் மனைவியைத் தேடிப் போய்க் குனிந்து நிற்பேன். அவள் அடுப்பில் வேலையாக இருந்தால், "இரு, வரேன்" என்பாள். நானும் இருப்பேன். அந்தக் காத்திருப்பு எனக்குச் செத்துப் பிழைப்பது போல இருந்தது. வேறொன்றும் வேண்டாம், என் கொண்டையை நானே போட்டுக்கொள்ள வேண்டும். கடவுளிடம் நான் அப்போது கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் துரைசாணி சீமைக்கு விடுமுறை போகும் பேச்சு வந்தது. போகும் வழியில் கிரேக்க தேசத்தில் கடலோர ஊர் ஒன்றில் சில வாரம் தங்கப்போகிறாளாம். அங்கே பூமிக்குள்ளிருந்து சுடுநீர் வருகிறது, அதில் தினமும் உட்கார்ந்தால் வாதம் ஓடிப்போகிறது என்று அவளுடைய சிநேகிதி எழுதியிருந்தாள். துரைசாணி என்னையும் வரச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். கிள்ளான் ஆற்றைப் படகில் தாண்டுவதற்கே எனக்குத் தலை சுற்றும். அப்போது அவள் என் தோளைத் தொட்டுச் சொன்னாள், இங்கிலீஷில்தான், தமிழில் தருகிறேன்: "ஆயா, என் முழங்காலைக் குணமாக்கும் தண்ணீர் உன் கையையும் குணமாக்காதா? நீயும் அதில் குளிக்கலாம். இது என் வாக்கு."

அந்த வாக்கை நம்பித்தான் கடல் தாண்டினேன். சீமையைப் பார்க்கும் ஆசை எனக்கு எள்ளளவும் இல்லை. இதைப் போதகரின் மனைவி கவனமாக வாசிக்க வேண்டும்.

போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல் ஏறினோம். கப்பலில் நான் காலையும் மாலையும் குளித்தேன். உப்புத் தண்ணீர்தான், இருந்தாலும் குளித்தேன். துரைசாணி ஈரத் துண்டால் உடம்பைத் துடைத்துக்கொண்டு அதற்குக் குளியல் என்று பெயர் வைத்தாள். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

எகிப்துத் துறைமுகமான போர்ட் செய்தில் வேறு கப்பல் மாறி, பிறகு ஒரு சின்ன நீராவிப் படகில் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். பின்னால் மொட்டை மலை, முன்னால் கடல். கிள்ளான் முகத்துவாரத்தின் சேற்றுக் கடலையே பார்த்த எனக்கு, அடிக் கல்வரை தெரிந்த அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் முதலில் பயமாகத்தான் இருந்தது. கரையோரப் பாறை இடுக்குகளிலிருந்து வெந்நீர் கசிந்து புகைந்துகொண்டே கடலில் விழும். ஊர் முழுக்கக் கூழ்முட்டை வாசம். ரப்பர் பால் புளித்த வாடையில் வருஷக்கணக்காக இருந்தவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கோப்பியில் பாதிக் கோப்பை மண்டியாக இருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

குளியல் மண்டபம் சலவைக்கல் கட்டடம். தினமும் காலையில் துரைசாணியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவேன். உள்ளே அந்த ஊர்ப் பணிப்பெண் ஒருத்தி அவளைத் தொட்டியில் இறக்குவாள். நான் துண்டும் சால்வையுமாக வெளியே நிற்க வேண்டும். அந்தப் பணிப்பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும், கறுப்பு உடுப்பு, ஆம்பிளை போலத் தோள். அவள் பேச்சு எனக்குத் தெரியாது, என் பேச்சு அவளுக்குத் தெரியாது. முதல் நாள் நான் தலையை ஒரு துணியால் மூடிக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அவள் துணியை அவிழ்த்துப் பார்த்தாள், என் கையைத் தூக்கிப் பார்த்தாள், அது எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் என்னைத் திருப்பி நிறுத்தி, கொண்டை போட்டுவிட்டாள். கொஞ்சம் உயரமான கொண்டை, அவர்கள் ஊர் வழக்கம்போல. மறுநாளிலிருந்து நான் போனதும் அவள் சீப்போடு நிற்பாள்.

"நான் எப்போது குளிப்பது, மேடம்?" என்று துரைசாணியைக் கேட்டேன். டாக்டர் அனுமதி தர வேண்டும் என்றாள். சில நாள் கழித்து மறுபடி கேட்டேன். கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை என்றாள். மூன்றாவது முறை கேட்டபோது, "பொறுமை ஆயா, பொறுமை" என்றாள். பொறுமையை எனக்குச் சொல்லித்தர வந்துவிட்டாள்!

இடையில் ஒரு நாள் விடுதிக்காரர்கள் எல்லாரையும் பழைய இடங்கள் பார்க்கக் கூட்டிப் போனார்கள். மேட்டில் ரோமாபுரிக்காரர்கள் கட்டிய குளியல் மண்டபம் இடிந்து கிடந்தது. வழிகாட்டி இங்கிலீஷில் விளக்கினான். அந்தக் காலத்துச் சேனாதிபதி ஒருவன் கால்வீக்கத்துக்காக இங்கே வந்து குளித்தானாம், குளிக்கும் முன் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொள்வானாம். அதைக் கேட்டதும் எனக்கு அந்தச் சேனாதிபதி மேல் மரியாதையே வந்துவிட்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் நம்மவன்தானே! மண்டபத்துக்கு வெளியே சுவரோரமாக ஒரு கல் மேடை இருந்தது. அதில் வரிசையாகக் குழி குழியாகத் தேய்ந்திருந்தது. அது என்ன என்று யாரோ கேட்டார்கள். எஜமான் குளித்து வரும்வரை அடிமைகள் துண்டும் எண்ணெயும் வைத்துக்கொண்டு காத்திருந்த இடம், உட்கார்ந்து உட்கார்ந்து கல்லே தேய்ந்துவிட்டது என்றான் வழிகாட்டி. எல்லாரும், "அடடா" என்று நகர்ந்தார்கள். நான் நின்றேன். ஒரு குழியில் உட்கார்ந்தும் பார்த்தேன். எனக்கென்றே செதுக்கியதுபோலச் சரியாக இருந்தது. உடனே மேலிருந்து குரல்: "ஆயா! சால்வை!"

இனி டாக்டர் கதை. குளித்து வந்ததும் நோயாளி போர்வைக்குள் படுத்து நன்றாகத் தூங்க வேண்டும் என்பது அந்த டாக்டரின் கட்டளை. அது எனக்குத் தெரியாது. டாக்டர் சொல்வதை நினைவில் வைப்பது ஆயாவின் வேலை என்று துரைசாணி இருந்தாள். டாக்டர் பேசும் அறைக்குள்ளோ ஆயாவை விடவில்லை. நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகிய நாளில் பகலில் கண்ணயரக் கூடாது, அயர்ந்தால் ஜன்னி காணும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வேதம் மாறினோமே தவிர எண்ணெய்க் குளியலை மாற்றவில்லை. வெந்நீரில் இத்தனை நேரம் ஊறி வந்தவளைத் தூங்க விடலாமா? விடவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்தேன். தலை சாயும்போதெல்லாம் உச்சந்தலையில் தட்டினேன். யோசேப்பு கதையை எகிப்துவரை சொன்னேன். துரைசாணி அதெல்லாம் டாக்டர் கட்டளை என்று நினைத்துக்கொண்டு, கண் செருகச் செருக உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மத்தியானம் டாக்டர் விடுதிக்கே வந்துவிட்டார். நோயாளி சிவந்த கண்ணோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பதையும், நான் அவள் தலையில் தட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்தார். அவருக்கு வந்த கோபத்தில் இங்கிலீஷ் பாதி ஓடிவிட்டது. "தூக்கம்! நான் தூக்கம் சொன்னேன்! நீ என்ன செய்கிறாய்?"

நானும் விடவில்லை. "எங்கள் ஊரில் வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்து வெந்நீரில் முழுகுகிறோம். முழுகினால் பகலில் தூங்க மாட்டோம். தூங்கினால் காய்ச்சல் வரும்" என்றேன்.

டாக்டர் ஆட்டிக்கொண்டிருந்த கையை இறக்கினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ குளிப்பாயா?" என்றார்.

இது என்ன கேள்வி என்று எனக்குப் புரியவில்லை. "தினம் இரண்டு வேளை" என்றேன்.

"உன் மதம் தடுக்கிறது என்று மேடம் சொன்னார்களே. மற்றவர்களோடு தண்ணீரில் இறங்கினால் உனக்குப் பாவம் என்றார்களே. முதல் நாளே உன் கையைப் பற்றிப் பணிப்பெண் என்னிடம் சொன்னாள். இங்கே வருகிறவர்களின் வேலைக்காரர்கள் எல்லாரும் சாயங்காலம் கீழ்த்தொட்டியில் குளிக்கிறார்கள். உனக்கும் பட்டியலில் இடம் போட்டேன். மேடம் வேண்டாம் என்று அடித்துவிட்டார்களே!"

நான் துரைசாணியைப் பார்த்தேன். இவ்வளவு நேரம் வராத விழிப்பு அப்போது அவளுக்கு வந்திருந்தது.

என் மதம் தடுக்கிறதாம்! ஞானஸ்நானம் பெற்ற மெதடிஸ்ட்காரி நான். பத்து வருஷமாக ஞாயிறு தவறாமல் என்னை அரைநாள் கோயிலுக்கு அனுப்பியவள் அவள். கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டில் பாட்டுப் பாடியவள் நான். அப்படியே நான் இந்துவாக இருந்தாலும், துலுக்கச்சியாக இருந்தாலும், எந்த மதமப்பா மனுஷனைக் குளிக்காதே என்கிறது? ஈரத் துண்டால் துடைத்துக்கொள்கிறவள், இரண்டு வேளை குளிக்கிறவளைப் பார்த்துச் சொல்கிறாள்! எனக்கு உள்ளங்காலிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் போனபின் கேட்டேன். "மேடம், ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

"உன் நன்மைக்குத்தான் ஆயா" என்றாள். "உங்கள் பெண்கள் கூச்ச சுபாவம். அன்னியர் முன்னால் உடுப்பைக் களைய உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே. நான் மூன்று முறை உங்களைக் கேட்டேனே."

அவள் விரல் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகுதான் உண்மை வெளியே வந்தது. "சாயங்காலம் நான் விடுதியில் தங்கியிருக்கும் கர்னலின் மனைவியோடு தேநீர் குடிக்கும் நேரம். நீ அங்கே போய்விட்டால் என்னை யார் தள்ளிக்கொண்டு போவது?"

என் கைக்கு எதிரே தராசில் வைத்தது ஒரு கோப்பைத் தேநீரை. அதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம். அவள் வாக்கை நம்பி, கடல் கண்டு நடுங்கும் ஒருத்தி பாதி உலகம் வந்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள். அதிலும் தன் பெயரில் சொல்லாமல், என் தலையில், என் கடவுளின் தலையில் போட்டுச் சொன்னாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

அன்று சாயங்காலம் நான் அனுமதி கேட்கவில்லை. "குளிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். எங்களுக்கு அந்த ஊரில் மீதி இருந்ததே அந்த ஒரு சாயங்காலம்தான். மறுநாள் விடிந்ததும் புறப்பாடு.

கீழ்த்தொட்டி கடலையொட்டி இருந்தது. தொட்டி என்பதைவிடச் சின்னக் குளம் என்று சொல்லலாம். சமையற்காரிகளும் வண்ணாத்திகளும் பிள்ளை பார்க்கும் பெண்களுமாக உள்ளே உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் நிர்வாணமாக இல்லை. எல்லாரும் தொளதொள உள்ளாடையோடுதான் இருந்தார்கள். நானும் உள்பாவாடையை மார்புக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு இறங்கினேன், தோட்டத்துப் பெண்கள் ஆற்றில் இறங்குவதுபோல. கூச்சமாம், கூச்சம்! எனக்குக் கொண்டை போடும் பணிப்பெண்ணும் அங்கே இருந்தாள். கிள்ளானிலிருந்து நான் கொண்டுவந்த நல்லெண்ணெயை மோந்து பார்த்துவிட்டு, என் தோளில் தேய்த்து, சொம்பு சொம்பாக வெந்நீர் ஊற்றினாள். சூடு எலும்பு வரை இறங்கியது. உள்ளே இறுகிக்கிடந்த ஏதோ ஒன்று மெல்ல இளகுவது எனக்கே தெரிந்தது. கையைத் தூக்கினேன். காதுமடல்வரை வந்தது. அத்தனை நாளில் அவ்வளவு உயரம் வந்ததே இல்லை. நான் அழுதுவிட்டேன். பக்கத்திலிருந்த கிழவி ஒருத்தி என் முதுகில் தட்டிக்கொடுத்து என்னவோ சொன்னாள். ஆறுதல் என்பது புரிந்தது.

வெளியே வந்ததும் டாக்டர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "முதல் நாளிலிருந்து வந்திருந்தால் கொண்டை போட்டிருப்பாய். இன்னும் மூன்று வாரம் இருக்க முடியுமா?" என்றார். நான் சிரித்தேன். லண்டனுக்குக் கப்பலில் அறை பதிவாகியிருந்தது. கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம்.

விடிந்து படகுத்துறைக்குப் போகும்போது அந்தப் பணிப்பெண் ஓடிவந்தாள். பையிலிருந்து சீப்பை எடுத்து, அவசரம் அவசரமாக எனக்குக் கடைசியாக ஒரு கொண்டை போட்டுவிட்டாள். துரைசாணி படகிலிருந்து, "ஆயா, சீக்கிரம்!" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொண்டை முடியும்வரை அங்கேயே நின்றேன்.

சில நாளில் தோள் பழையபடி இறுகிவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதற்கு என் கையைவிடச் சாட்சி வேண்டாம். துரைசாணியோ திரும்பி வரும் கப்பலில் தடியில்லாமல் மேல்தளத்தில் உலாவினாள். பார்த்தவர்களிடமெல்லாம் அந்தத் தண்ணீரின் மகிமையைச் சொன்னாள். போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியதும் நான் என் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கை வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தங்கை தினமும் எனக்குத் தலை வாரினாள். முகம் சுளிக்காமல்தான் வாரினாள். பிறகு அவள் புருஷனுக்கு ஈப்போவுக்கு மாற்றல் வந்தது. போகிற அன்று அவள் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இனிமே யாரு உனக்குக் கட்டிவிடுவா? பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லிட்டுப் போறேன்" என்றாள். "யார்கிட்டயும் சொல்லாதே. கத்தரிய எடு" என்றேன். அவள் அழுதுகொண்டே வெட்டினாள். நான் அழவில்லை. தரையில் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு அந்த ஒரு கோப்பைத் தேநீர்தான் நினைவுக்கு வந்தது.

இதுதான் என் திமிரின் வரலாறு.

போன மாதம் கோலாலம்பூர் ஸ்டேஷனில் துரைசாணியைப் பார்த்தேன். கிள்ளான் வண்டிக்குப் படியேறிக்கொண்டிருந்தாள். படியேறினாள், பிடிமானம் இல்லாமல். என்னைக் கண்டதும் வாயெல்லாம் பல். "ஆயா! உன் தலை எவ்வளவு அழகாக இருக்கிறது! நவநாகரிகமாகிவிட்டாயே!" என்றாள். என் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு நினைவே இல்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கொதிப்பாக இருந்தது.

"அடுத்த வருஷம் மறுபடியும் அந்த ஊருக்குப் போகிறேன்" என்றாள். "புது ஆயாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. நீ வந்துவிடேன். உனக்குத்தான் அங்கே எல்லாம் பழக்கம். இந்த முறை நீயும் குளிக்கலாம்."

நான் அவள் முழங்காலைப் பார்த்தேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"முடியாது மேடம். என் மதம் தடுக்கிறது."